நூறைத் தொட மூணு நொடி, அப்புறம்?

மக்களே, இந்தக் கார் மேட்டரைப் பத்தி எழுதவே கூடாதுன்னு ரொம்ப நாளா கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். எழுதினா நாலு பேர் சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். போன ஞாயித்துக்கிழமை ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில எங்க அக்கா பையன் வாயைக் கிளறி விட்டுட்டான். இனிமே அடக்க முடியாது, அனுபவிங்க.

செல்போனை மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ரெண்டு ஸ்போர்ட்ஸ் கார் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணு நாலு சக்கரத்துக்கும் விசை போற வண்டி, இன்னொண்ணு பின் சக்கரத்துக்கு மட்டும். பச்சை விளக்கு விழுந்ததும் முதல் வண்டி உண்டிவில்லுல வெச்ச கல்லு மாதிரி போயிடுச்சு. ரெண்டாவது வண்டி டயரைப் புகைச்சுக்கிட்டு மெதுவா கிளம்புது. "பாத்தியா மாமா, பின்வீல் வண்டி எல்லாம் வேஸ்ட்டு. இப்போ இன்னா சொல்றே?"

இதோட விட்டிருந்தா டீயைக் குடிச்சிட்டு எழுந்து போயிருப்பேன். பையன் லோன் போட்டு ஹாரியர் ஈவி எடுக்கப் போறானாம், அதுவும் நாலு வீல் மாடல்தான் வேணுமாம். காரணம் ஒரே ஒரு நம்பர்: 6.3 நொடி.

ஒத்துக்க வேண்டியதை முதல்ல ஒத்துக்கறேன். நின்ன இடத்துல இருந்து கிளம்புறதுல நாலு சக்கர வண்டிதான் ராஜா. டயர் எவ்வளவு தள்ளும்கிறது அது மேல எவ்வளவு எடை உக்காந்திருக்குங்கிறதைப் பொறுத்தது. நாலு சக்கரமும் வேலை செஞ்சா வண்டியோட மொத்த எடையும் பிடிமானம் ஆகுது. பின் சக்கரம் மட்டும்னா பின்னாடி விழற எடைதான் கணக்கு. ஆனா கிளம்பும்போது எடை பின்பக்கம் சாயும். நம்ம பக்கத்துல கரும்பு ஏத்திக்கிட்டு திருவாலங்காடு ஆலைக்குப் போற டிராக்டரை மேட்டுல பாத்திருப்பீங்களே, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பி டிரைவருக்குக் குலை நடுங்கும். முழுக்க அதே கணக்கு இல்லேன்னாலும் சமாச்சாரம் அதேதான். இந்தச் சாயல் பின் சக்கர வண்டிக்கு லாபம். முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு நஷ்டம்.

தோராயமா ஒரு கணக்கு போடுவோம். டயர் தன் மேல உள்ள எடைக்குச் சமமா தள்ளும், இன்ஜினுக்கு வேணுங்கிற அளவு சக்தி இருக்குன்னு வெச்சுக்குங்க. நாலு சக்கர வண்டி 2.8 நொடியில நூறைத் தொடும். போர்ஷே மாதிரி இன்ஜின் பின்னாடி இருக்கிற பின் சக்கர வண்டிக்கு 3.7 நொடி. இன்ஜின் முன்னாடி இருந்தா நாலரை. ஆகா, பையன் சொன்னது சரிதானேன்னு துள்ளாதீங்க. அந்த 'வேணுங்கிற அளவு சக்தி'யிலதான் குட்டு இருக்கு. 450 குதிரைசக்தி, 1,600 கிலோ வண்டின்னா சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினதுமே பின் டயரைச் சறுக்க வைக்க இன்ஜினுக்குத் தெம்பு பத்தாது. நாலு சக்கர வண்டிக்கு அந்த எல்லை இன்னும் சீக்கிரமே, 65க்கு மேல வந்துடும். அதுக்கப்புறம் எத்தனை சக்கரம் தள்ளினா என்ன? ரெண்டு பேரும் இன்ஜினை நம்பித்தான் ஓடணும். நாலு சக்கரக்காரர் முன்னாடி ஒரு டிஃபரென்ஷியலையும் ரெண்டு ஆக்சிலையும் தூக்கிச் சுமந்துக்கிட்டு ஓடணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்றதை நம்ப வேணாம், கம்பெனிக்காரங்க கொடுத்த நம்பரையே பாருங்க. 2018 கடைசியில வந்த போர்ஷே 911 கரேரா எஸ், பின் சக்கரம், 1,515 கிலோ, 3.7 நொடி. அதே இன்ஜின், அதே 450 குதிரையோட கரேரா 4எஸ், 1,565 கிலோ, 3.6 நொடி. கால் மூட்டை அரிசியோ அரை மூட்டையோ, அம்பது கிலோவைச் சுமந்து கிடைச்சது 0.1 நொடி! உச்ச வேகத்துல அதுக்கு 308, இதுக்கு 306. இன்னும் பின்னாடி போனா கூத்து. 2005 வாக்குல கரேராவுக்கு 5.0 நொடி, நாலு சக்கர கரேரா 4க்கு 5.1. காசு கூடக் கொடுத்து மெதுவா போன கதை :-)

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் லம்போர்கினி ஹுராகான். நாலு சக்கர எல்.பி. 610-4க்கு 610 குதிரை, நூறு 3.2 நொடி, இருநூறு 9.9 நொடி. பின் சக்கர எல்.பி. 580-2க்கு 580 குதிரை, நூறு 3.4, இருநூறு 10.1. கழிச்சுப் பாருங்க. நூறுல இருந்து இருநூறு போக ரெண்டுக்கும் அதே 6.7 நொடி. முப்பது குதிரை கம்மியா இருந்தும் பின் சக்கர வண்டி அங்கே ஒரு இஞ்ச் விட்டுக் கொடுக்கலை. தோத்த 0.2 நொடியும் கிளம்புற இடத்துல தோத்தது.

இன்ஜின் முன்னாடி இருக்கிற வண்டியில இடைவெளி கொஞ்சம் பெருசு, மறைக்க மாட்டேன். 2021ல பி.எம்.டபிள்யூ எம்3 காம்படிஷன் ரெண்டு வகையிலும் 510 குதிரைதான் இருந்துச்சு. பின் சக்கரம் 3.9, நாலு சக்கரம் 3.5. மழை ஈரத்துல இன்னும் பெருசாகும். ஆனா இந்த 0.4 நொடியை வெச்சுக்கிட்டு ஒரு வண்டியையே 'வேஸ்ட்டு'ன்னு தீர்ப்பு எழுதறீங்களே, அதைத்தான் கேக்கறேன், நியாயமா?

இதுல நொடியை அளக்கிற லட்சணம் வேற. டெஸ்லா 2021ல மாடல் எஸ் பிளெய்ட் 1.99 நொடின்னு சொல்லுச்சு. மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கிலோமீட்டர் வரைக்கும். அதுலயும் முதல் ஒரு அடி உருள்ற நேரத்தைக் கழிச்சுட்டு. நம்மாளு அதை அப்படியே 'நூறு கிலோமீட்டருக்கு ரெண்டு நொடி'ன்னு எழுதிடறான்.

ரேஸுல என்ன ஆச்சுன்னு கேக்கலாம். 1969ல லோட்டஸ், மத்ரா, மெக்லாரன் மூணு பேரும் ஃபார்முலா ஒன்னுல நாலு சக்கர வண்டியை இறக்கிப் பாத்தாங்க. எடை கூடிப்போய் எடுபடலை. அதே நாலு சக்கரத்தோட ஆடி குவாட்ரோ 1980கள்ல மண்ணுலயும் பனியிலயும் ராலி உலகத்தையே புரட்டிப் போட்டுச்சு. தரை எப்படியோ, பதிலும் அப்படி. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்துல, உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல, ஹெரால்டும் ஃபியட்டும் பறந்துச்சே, அதெல்லாம் பின் சக்கரம்தான். அங்கே வேடிக்கை பாத்த பெரிசுங்க யாரும் 'நூறுக்கு எத்தனை நொடி'ன்னு கேட்டிருக்க மாட்டாங்க. யார் முதல்ல வந்தான்னுதான் கேட்டிருப்பாங்க.

சரி, பையனோட 6.3க்கு வருவோம். எலக்ட்ரிக் வண்டியில இந்த ஒப்பீடே ஏமாத்து. முன் சக்கரத்துக்கு விசை வேணும்னா இன்னொரு மோட்டாரையே வைக்கிறாங்க, குதிரையும் சேர்ந்து ஏறுது. நாலு சக்கர ஹாரியருக்குப் பின்னாடி 238, முன்னாடி 158, ஆக 396 குதிரை. நூறுக்கு 6.3 நொடி. பின் சக்கர மஹிந்திரா பி.இ. 6க்கு 286 குதிரைதான், 6.7 நொடி. நூத்துப் பத்து குதிரை கூட இருந்தும் வித்தியாசம் 0.4. இதுல ஜெயிச்சது சக்கரமா, மோட்டாரா? வண்டியைக் குறை சொல்லலை. சேத்துல, மேட்டுல அது பிரமாதமா ஏறட்டும். நெல்லு வயல்ல உழறவனுக்கு நாலு வீல் டிராக்டரோட அருமை தெரியும். எங்க பையன் உழப் போறது ஒரகடம் ரோட்டை.

இவ்வளவு கோபம் ஏன்னு கேட்டீங்கன்னா, அது பழைய கதை. பல வருஷம் முன்னாடி ஒரு ஐப்பசி மழையில சோளிங்கர்ல இருந்து ராத்திரி திரும்பினோம். சிநேகிதனோட நாலு வீல் வண்டி, ஓட்டினது நான்தான். மிதிச்சப்ப எல்லாம் துளி சறுக்காம போச்சு. ரோடு பிடிச்சிருக்குன்னு நானா நினைச்சுக்கிட்டேன். பின் சக்கர வண்டியா இருந்திருந்தா முதல் மிதியிலயே பின்பக்கம் ஆடி, 'டேய், தரை வழுக்குது'ன்னு சொல்லியிருக்கும். இது சொல்லலை. ஏரிக்கரை வளைவுல பிரேக்கை மிதிச்சேன். பிரேக் பிடிக்கிறது எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துலதான், அதுக்கு ஆல் வீல் டிரைவ் ஒரு குண்டுமணி கூட உதவாது. வண்டி நேரா போய்ப் புளிய மரத்துல உரசி நின்னுச்சு. பின் சீட்டுல இருந்தது எங்க அக்கா. தோள்பட்டை எலும்பு முறிஞ்சது.

டீக்கடையில இதைச் சொன்னதும் பையன் போனைச் சட்டைப் பையில போட்டுட்டான். ஆக்ஸிடெண்டு அவனுக்குத் தெரியும். நான்தான் ஓட்டினேன்னு தெரியாதாம். அக்கா இத்தனை வருஷமா சொல்லவே இல்லை. "அம்மா மழைக்காலத்துல கையைத் தூக்க முடியாம கஷ்டப்படும் மாமா"ன்னான். கொஞ்ச நேரம் டீயை ஆத்திக்கிட்டே இருந்தான். அப்புறம், "பின்வீல் மாடல் ஒன்றரை லட்சம் கம்மி. மிச்சத்துல நல்ல டயரா போட்டுக்கவா?"ன்னு கேட்டான். வர்ற ஞாயிறு ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாக்கப் போறோம். அக்காவும் வருதாம்.

டிஸ்கி: 'நீ என்ன வண்டி ஓட்டுறே'ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்களுக்கு: பழைய ஆம்னி. இன்ஜின் சீட்டுக்கு அடியில, தள்ளுறது பின் சக்கரம். 0-100 எடுக்கணும்னா ஸ்டாப் வாட்ச் பத்தாது, காலண்டர் எடுத்துக்கிட்டு வாங்க.