புரோலாக்டினைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் துறையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்கும் முதன்முறையாக 7 நாள் கிடைத்தது. தாப்பா கடைத்தெருவில் இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் கேட்ட பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "ஆம்பளைக்கு எதுக்கு லீவு? வீட்டுல படுத்துத் தூங்குவான். பிள்ளை பாக்குறது பொம்பளை உடம்புலேயே இருக்கு."

முன்பெல்லாம் இதை 'இயற்கை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இப்போது வாட்ஸ்அப் புண்ணியத்தில் அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் கிடைத்துவிட்டது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் பெண்ணுக்குச் சுரக்கிறது, அதனால் பால் வருகிறது, கூடவே பாசமும் வருகிறது. ஆணுக்கு அது கிடையாது, ஆகவே தொட்டில் அவள் பாடு. கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் ஆட்டம் காண்கிறது.

முதல் படி, அது பெண்ணின் பால் ஹார்மோன் என்பது. ஆய்வாளர் ஆஸ்கார் ரிடில் குழுவினர் 1930களின் தொடக்கத்தில் இதற்குப் பெயர் வைத்ததே புறாவை ஆராய்ந்துதான். குஞ்சு பொரித்ததும் புறாவின் தொண்டைப் பையில் தயிர்த் திப்பிபோல ஒன்று ஊறும். அதைத்தான் குஞ்சுக்கு ஊட்டும். பெண் புறா மட்டுமல்ல, ஆண் புறாவும் ஊட்டும். இரண்டுக்கும் அதை ஊறவைப்பது புரோலாக்டின். மார்பே இல்லாத மீன்களுக்கும் அது உண்டு. நன்னீரில் உடம்பின் உப்பு கரைந்துபோகாமல் காப்பது அங்கே அதன் வேலை.

பால் விஷயத்தில்கூட 'ஹார்மோன் எவ்வளவோ, பால் அவ்வளவு' என்று கணக்குப் போட முடியாது. பிள்ளை தவறிப்போன தாய்க்கு மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிப் பால் வற்றவைப்பது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்தில் புரோலாக்டினை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. ஆனால் பால் வற்றுவதிலும் மார்புக்கட்டு இறங்குவதிலும் பூவும் மாத்திரையும் சமமாகவே வேலை செய்தன.

இரண்டாவது, இதே ஹார்மோனை நம்பி அந்த வாதத்தோடு ஒட்டிவரும், பால் கொடுக்கும்வரை மறுபிள்ளை தங்காது என்ற நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பல குடும்பங்கள் ஏமாந்தன. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்திலிருந்து வரும் டோபமைன், சாதாரண நாளில் புரோலாக்டினைக் கடிவாளம் போட்டு வைத்திருக்கும். குழந்தை காம்பைச் சப்பியதும் நரம்பு வழியே செய்தி போய் டோபமைன் குறைகிறது. சில நிமிடங்களில் புரோலாக்டின் ஏறுகிறது. ஏறிய புரோலாக்டின் மூளைக்குத் திரும்பி, கருமுட்டை முதிர வேண்டிய சமிக்ஞைகளை அடக்கிவைக்கிறது. அடிக்கடி சப்பும் பழக்கமும் அதற்குத் துணை நிற்கிறது. சப்புவது நின்றால் இந்த ஏற்பாடு தளர்ந்துவிடும்.

1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதற்கு மூன்று நிபந்தனை விதித்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, ஏறக்குறைய முழுதும் தாய்ப்பாலாகவே இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு. இதை அன்றைய ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, அதற்கு முன்பே பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டாக வேண்டும். ரப்பர் மரம் வெட்டி, மரப்பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் தாய் திரும்புவதற்குள் குழந்தை எத்தனை தடவை பசித்து அழுதிருக்கும்! கொட்டகையில் புட்டிதான் பதில் சொல்லும். லயத்துப் பெண்ணுக்கு வருசத்துக்கு ஒன்று பிறந்தால் 'அடக்கம் இல்லை' என்று ஏசிய கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்), பெரட்டு மணியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது படிதான் ஆபத்தானது: ஹார்மோன் சுரந்தால் தாய்மை தானாக வந்துவிடும், வராதவளிடம் ஏதோ கோளாறு. மூளையில் இந்த ஹார்மோனுக்கு வேலையே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2017இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகக் குழு, சுண்டெலிகளின் மூளையில் மீடியல் பிரீஆப்டிக் பகுதி என்ற சிறு இடத்தில் மட்டும் புரோலாக்டின் ஏற்பிகளை நீக்கிப் பார்த்தது. அந்த எலிகள் குட்டி போட்டன. போட்ட கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிட்டன. இது வலுவான சான்று, ஆனால் எலியின் சான்று.

அதே எலிக் குடும்பத்திலிருந்து இன்னொரு சான்றும் உண்டு, வாட்ஸ்அப்பில் அது வருவதில்லை. 1967இல் ஆய்வாளர் ஜே ரோசன்பிளாட் குட்டியே போடாத வெள்ளெலிகளுடன் தினமும் புதுக்குட்டிகளை விட்டுவைத்தார். சில நாளில் அவை குட்டிகளை நக்கின, வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்தன. புரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளும் அப்படியே செய்தன. ஆண் எலிகளும்தான். பிரசவத்தின் ஹார்மோன்கள் அந்தச் சில நாள் தயக்கத்தைப் போக்கி, முதல் மணியிலேயே தாயைத் தயாராக்குகின்றன. பக்கத்திலேயே கிடக்கும் குட்டி, ஹார்மோன் இல்லாமலும் அதைச் சாதித்துவிடுகிறது. ஆயாக்கொட்டகையில் இருபது பிள்ளைகளைத் தூங்கவைத்த வயதான ஆயாவுக்கு எந்தப் பிரசவத்துப் புரோலாக்டின் மிச்சம் இருந்தது?

அளவு கூடினால் பாசம் கூடும் என்பதும் நிற்காது. பிட்யூட்டரியில் புரோலாக்டினோமா என்ற கட்டி வந்தவர்களுக்கு அளவு எக்கச்சக்கமாக ஏறும். ஆணாக இருந்தால் அவர் டாக்டரிடம் போவது ஆசை குறைந்தது, தலைவலி, பார்வைக் குறைவு என்றுதான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது என்று அல்ல. மறுபக்கம், புட்டிப்பால் கொடுக்கும் தாய்க்குச் சில வாரங்களிலேயே புரோலாக்டின் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அவள் பிள்ளையை மறந்தா போகிறாள்? பிள்ளை பெற்ற வீட்டில் பெருங்காயமும் பூண்டும் அரைத்துக் கொடுத்துக்கொண்டே, "இவளுக்குப் பிள்ளை மேல பற்றே இல்ல" என்று சொல்லும் வாய்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. ஹார்மோன் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் அவள் கிளினிக் வாசலை மிதிக்கவே கூசுவாள்.

கடைசியாக, ஆணுக்கு அது கிடையாது என்பது. உண்டு. ஆன் ஸ்டோரியும் சக ஆய்வாளர்களும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 34 தம்பதிகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். பிரசவம் நெருங்கும் வாரங்களில் கணவன்மாருக்கும் புரோலாக்டின் ஏறியிருந்தது. மனைவியோடு சேர்ந்து குமட்டல், களைப்பு என்று அவதிப்பட்ட ஆண்களுக்கு இன்னும் அதிகம். (மனைவி பிள்ளை பெற்றதும் கணவன் படுக்கையில் படுத்துப் பத்தியம் காக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் சில சமூகங்களிடம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் எழுதிவைத்தார். படித்தவர்கள் அதைக் கோமாளித்தனம் என்று சிரித்தார்கள்.) பிலிப்பீன்ஸின் செபு நகரிலும் பிள்ளை இல்லாத ஆண்களைவிடத் தகப்பன்மாருக்குப் புரோலாக்டின் கூடுதலாக இருந்தது. கனடாவில் இன்னோர் ஆய்வில், புரோலாக்டின் கூடுதலாக இருந்த தகப்பன்மார் குழந்தையின் அழுகுரலுக்கு அதிகமாகக் காது கொடுத்தார்கள்.

ஹார்மோன் ஏறியதால் அந்த ஆண்கள் பிள்ளையைத் தூக்கினார்களா, தூக்கியதால் ஏறியதா என்பதை இந்த ஆய்வுகள் தீர்த்துவைக்கவில்லை. 'ஆணின் உடம்பில் அதற்கு இடமே இல்லை' என்ற பேச்சைக் கவிழ்க்க அந்தத் தீர்ப்பு தேவையும் இல்லை. தொடங்கிய விடுப்புப் பேச்சுக்கே திரும்பினால், தகப்பனின் 7 நாளுக்குச் சட்டம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது. பதினோராவது மாதத்தில் பிள்ளை பிறந்த தாப்பா இளைஞன் மறுநாள் வேலைக்குப் போனால், அவனைப் பிள்ளையிடமிருந்து பிரித்தது அந்த நிபந்தனைதான், அவனுடைய பிட்யூட்டரி சுரப்பி அல்ல.