கட்டி வைத்தால் மட்டும் போதுமா?

போன மாசியில் அன்னங்கோயிலில் இருந்து ஒரு ஃபைபர் படகில் கடலுக்குப் போய் வந்தேன். எழுபது தாண்டியவனுக்கு வந்த ஆசை. தெரிந்த தம்பி ஒருவர் ஏற்றிக்கொண்டார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் அலை ஒரு தூக்குத் தூக்கியது. ஐஸ் பெட்டி சறுக்கி வந்து என் காலில் மோதியது. பேட்டரி சாய்ந்தது. பலகைமேல் சும்மா வைத்திருந்த ஜிபிஎஸ் கருவி கீழே தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்து அணைந்து போயிற்று.

"கரைதான் தெரியுதே சார், பயப்படாதீங்க" என்றார் தம்பி. கரை தெரியாத தூரத்தில் என்றால்?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'அரிமாஜ்' என்று ஒரு சொல் கற்றேன். கப்பலில் சரக்கு அசையாதபடி அடுக்கிக் கட்டுவது. பிறகு குமாஸ்தாவாகி, கோப்புகளுக்கு நாடா கட்டியதுதான் நான் செய்த அரிமாஜ்!

கட்டுமரத்தில் போன நம் பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலை மரத்தின் மேலேயே ஏறிப் போகும். கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம். இன்றைய படகுக்குப் பக்கச் சுவர் இருப்பதால், உள்ளே வைத்தது உள்ளேயே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

தம்பி ஒரு நியாயம் சொன்னார்: "இறுக்கிக் கட்டிட்டா அவசரத்துக்கு எடுக்க முடியாது சார்." அதைத் தள்ளிவிட முடியாது. நம் கடற்படையில் அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியை நினைத்துப் பாருங்கள். தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், 2018 செப்டம்பரில், தென் இந்தியப் பெருங்கடல் புயலில் அவருடைய 'துரியா' புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி, நடக்க முடியவில்லை. ஒரு சாட்டிலைட் போனும் கைக்கடக்கமான வயர்லெஸ்ஸும் அவசரப் பையில் பத்திரமாகத்தான் இருந்தன. அந்தப் பை அவர் கைக்கு எட்டவில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்று வேலை செய்ததால் தன் நிலையைத் தெரிவித்தார். செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அதே மனிதர் 2022 பந்தயத்தில் மறுபடி புறப்பட்டு இரண்டாவதாக வந்தார்.

ஆகவே என் கருத்து இதுதான். பொருள் அசையவும் கூடாது, அடிபட்டுக் கிடப்பவன் கைக்கு எட்டாமலும் போகக் கூடாது. பேட்டரிக்கு மரச்சட்டமும் வாரும் வேண்டும். ஜிபிஎஸ்ஸைத் திருகாணி போட்டுப் பொருத்த வேண்டும். போன் தண்ணீர் புகாத உறையில் உடம்போடு இருக்க வேண்டும். மற்றவற்றுக்கு ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போதும்.

மறுவாரம் தம்பியைப் படகுக்குள் படுக்கச் சொன்னேன். "எழுந்திருக்காம வயர்லெஸ்ஸை எடுங்க பார்ப்போம்." சிரித்துக்கொண்டே கையை நீட்டினார், ஒரு முழம் எட்டவில்லை. சிரிப்பு நின்றது. இப்போது அதைக் கீழே இறக்கி மாட்டியிருக்கிறார். ஐஸ் பெட்டியை இன்னும் கட்டவில்லை. நான் விடுவதாக இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை கடலுக்குப் போகிறவனா? அவனையும் ஒருமுறை படுக்கச் சொல்லிப் பாருங்கள்.