லிஃப்ட் பண்ணின பழைய ஜிப்ஸி: ஸ்டீரிங் ஆடினா முதல் செலவு எதுக்கு?

போன வீடியோல என் ஜிப்ஸி பின்னாடி நின்னுட்டு இருந்தது. அதுல இருந்து மியூச்சுவல் ஃபண்டை விட அதைப் பத்திதான் நிறைய பேர் கேக்கறீங்க. பெரும்பாலும் ஒரே கேள்வி: "ப்ரோ, மூணு லட்சத்துக்கு ஒரு ஜிப்ஸி வருது. லிஃப்ட் பண்ணி பெரிய டயர் போட்டிருக்கு. ஸ்டீரிங் மட்டும் லேசா ஆடுது. வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா அந்த "லேசா ஆடுது"ங்கறதுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. நான் தெரிஞ்சுக்காம வாங்கினேன்.

2022-ல எடுத்தது, 2009 மாடல். இவ்வளவு பழைய வண்டிக்கு வண்டிக் கடன் கிடைக்கல. அதனால 3 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 36 மாசம். EMI 10,253 ரூபாய். மொத்த வட்டி மட்டும் கிட்டத்தட்ட 69,000. பர்சனல் ஃபைனான்ஸ் பேசறவன் இப்படி லோன் எடுத்தானான்னு திட்டறவங்க திட்டிக்கலாம், நியாயம்தான். வித்தவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "லிஃப்டுக்கே நாப்பதாயிரம் செலவு பண்ணியிருக்கேன் சார், உங்களுக்கு அது ஃப்ரீ." நானும் லாபம்னு நினைச்சேன்.

மூணாவது வாரம் அப்பாவைக் கூட்டிட்டு கோயம்புத்தூர்ல இருந்து மேட்டுப்பாளையம் போயிட்டு இருக்கேன். வேகம் 65 இருக்கும். ரோட்டுல ஒரு சின்ன ஒட்டு, அதுல ஏறி இறங்கினதுதான், ஸ்டீரிங் கையில நிக்கல. இடது வலதுன்னு வெறி பிடிச்ச மாதிரி ஆடுது, டாஷ்போர்டே நடுங்குது. எதிர்ல பஸ். எப்படியோ வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டினேன். 30-க்கு கீழ வந்ததும், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆட்டம் நின்னு போச்சு. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இறங்கி ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்ப்பா"ன்னார். அவர் கை இன்னும் கைப்பிடியை விடல.

(உங்களுக்கு இது நடந்தா பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுட்டு, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. வேகம் குறைஞ்சாதான் அது நிக்கும்.)

அடுத்த நாலு மாசம் நான் பண்ணினதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். முதல்ல வீல் பேலன்ஸிங், அலைன்மென்ட், 1,200. அப்பவும் ஆட்டம் போகல. ஒருத்தர் "ஸ்டீரிங் டேம்பர் மாத்துங்க"ன்னார், 3,800. மாத்தினதும் அருமை! ஒரு மாசம் சத்தமே இல்ல, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சது. "டயர்தான் பிரச்சனை"ன்னு இன்னொருத்தர். கிரெடிட் கார்டுல புது டயர் நாலு, 30,000, அதையும் EMI-யா மாத்தினேன். "ஸ்டீரிங் பாக்ஸை டைட் வெச்சுடலாம்"ன்னு 500 வாங்கிட்டு ஒருத்தர் ஸ்க்ரூவை முறுக்கினார். ஒரு வாரம் ப்ளே இல்லாம ஜம்முன்னு இருந்தது. அப்புறம் திருப்பினா ஸ்டீரிங் தானா நேருக்குத் திரும்பாது, அங்கங்க பிடிக்கும். உள்ள பல்லு தேய ஆரம்பிச்சிருக்கு. பாக்ஸ் ஓவர்ஹால் 9,000.

கூட்டினா 44,500. ஆட்டம் அப்படியே இருந்தது.

கடைசியில மேட்டுப்பாளையம் ரோட்டுலயே ஒரு சின்னப் பட்டறை. வயசான மெக்கானிக், ஜீப்பும் ஜிப்ஸியும் மட்டும்தான் தொடுவார். வந்ததும் வண்டியை ஓட்டிப் பார்க்கல. "பார்க்கறதுக்கு 1,500 ஆகும் தம்பி, அரை நாள் ஆகும், சாமான் எதுவும் இப்ப வாங்காதீங்க"ன்னார். எனக்கு சுருக்குனு இருந்தது. வெறும் பார்க்கறதுக்கு 1,500-ஆ?

அவர் பண்ணினதை அப்படியே சொல்றேன், வண்டி பார்க்கப் போறப்ப உங்களுக்கு உதவும். இன்ஜின் ஆஃப், வீல் தரையில. என்னை உள்ள உட்கார வெச்சு ஸ்டீரிங்கை சின்னதா இடது வலது ஆட்டச் சொன்னார். அவர் கீழ படுத்து ஒவ்வொரு மூட்டுலயும் கை வெச்சுப் பார்த்தார். பாக்ஸை சேஸிஸ்ல பிடிச்சிருக்கற போல்ட், பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு எண்ட். எங்க ஒரு பக்கம் அசைஞ்சும் மறு பக்கம் அசையலையோ, அங்க தேய்மானம். அப்புறம் ஜாக்கி போட்டு வீலைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். ஆட்டம் இருந்தது. உடனே என்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதிச்சதும் ஆட்டம் போயிருந்தா வீல் பேரிங். போகல. அப்ப கிங்பின் பேரிங்.

ஜிப்ஸில முன்பக்கம் ரெண்டு வீலையும் ஒரே இரும்பு ஹவுசிங் சேர்க்குது, லீஃப் பட்டைதான் அதைத் தாங்குது. ஒவ்வொரு வீலும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கிங்பின் பேரிங்ல திரும்புது. ஒரு வீல் பள்ளத்துல அடி வாங்கினா அது டை ராடு வழியா அடுத்த வீலுக்குப் போகும். மூட்டெல்லாம் டைட்டா இருந்தா அங்கேயே அடங்கிடும். தேய்ஞ்சிருந்தா அது திரும்ப வரும், திரும்பப் போகும், தானே தன்னை வளர்த்துக்கும். நான் ரோட்டுல பார்த்தது அதுதான்.

இதுல லிஃப்டுக்கு என்ன வேலை? இங்கதான் என் கருத்து கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது. சைக்கிள்ல ஃபோர்க் சாய்ஞ்சு இருக்குல்ல, அது மாதிரி இங்கயும் வீல் திரும்பற அச்சு லேசா பின்பக்கம் சாய்ஞ்சிருக்கணும். கேஸ்டர்னு சொல்வாங்க. விட்டா வீல் தானா நேருக்கு வர்றது அதனாலதான். ஜிப்ஸியோட முன் பட்டைக்கு ஷேக்கிள் முன்பக்கம் இருக்கு. மலிவா லிஃப்ட் பண்றவங்க அந்த ஷேக்கிளை நீளமா மாத்திடறாங்க. பாடி உயரும், கூடவே ஹவுசிங் முன்பக்கமா உருண்டு கேஸ்டர் குறைஞ்சிடும். டிராக் லிங்க்கும் செங்குத்தா சாயும், அதனால பள்ளத்துல இறங்கினா நீங்க திருப்பாமலே வண்டி திரும்பும். மேல கனமான பெரிய டயர் வேற. கம்பெனி கொடுத்த உயரத்துல இருந்தா இந்த மூட்டுகள் இன்னும் பல வருஷம் சத்தமில்லாம உழைச்சிருக்கும்.

அப்ப டேம்பர் ஒரு மாசம் வேலை செஞ்சது எப்படி? கிரெடிட் கார்டுல மினிமம் டியூ கட்டினா போன் வர்றது நிக்கும்ல, அதே கதைதான். டேம்பர் கெட்டிருந்தா மாத்தணும், இல்லைன்னு சொல்லல. ஆனா அது கடைசியா வாங்க வேண்டிய சாமான். முதல்ல அதைப் போட்டா, நோய் உள்ள வளர்றது உங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த ஒரு மாசத்துல பயமே போயிடுச்சு, 80-ல கூட ஓட்டினேன். நினைச்சா இப்ப வயித்தைக் கலக்குது.

சரி பண்ண ஆன செலவு: கிங்பின் பேரிங், சீல், கூலியோட ரெண்டு பக்கமும் 8,500. டை ராடு எண்டுகள் 3,200. பட்டை புஷ்ஷும் பழைய அளவு ஷேக்கிளும் 4,300. கடைசியா அலைன்மென்ட் 800. பார்த்ததுக்கு 1,500. ஆக 18,300. பேரிங் போடறப்ப ஷிம் வெச்சு, ஸ்பிரிங் தராசுல இழுத்துப் பார்த்துதான் டைட் வெச்சார். "கை கணக்குல வெச்சா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க"ன்னார். லிஃப்டை இறக்கினதும் பெரிய டயர் ஃபெண்டர்ல உரசிச்சு, அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ஸ்டாண்டர்டு டயர் வாங்கினது தனிக் கணக்கு, அதை வீட்டுல இன்னும் சொல்லல.

நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. கையில ஒரு சாமான் வந்தா பணம் கொடுப்போம், பார்த்துச் சொல்றதுக்குக் கொடுக்க மாட்டோம். ஃபீஸ் வாங்கற ஆலோசகர் வேண்டாம், "ஃப்ரீ"யா வந்து பாலிசி விக்கறவர் போதும்னு சொல்றதும் இதே பழக்கம்தான். அந்த 1,500-ஐ முதல் நாளே கொடுத்திருந்தா 44,500-ல பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஜாக்கி போட்டுப் பாருங்க. வித்தவர் ஜாக்கி போட விடலைன்னா கிளம்பிடுங்க. "லிஃப்டுக்கு நாப்பதாயிரம்"னு அவர் சொன்னா, விலையில அதைக் கூட்டாதீங்க, கழிங்க. திரும்ப இறக்கற செலவு உங்களோடது. வண்டி விலையில நாலுல ஒரு பங்காவது முதல் வருஷ ரிப்பேருக்குன்னு RD-ல சேர்ந்த பிறகு வாங்குங்கன்னு நான் சொல்வேன். EMI-யும் பட்டறை பில்லும் ஒரே மாசம் வந்தா எமர்ஜென்சி ஃபண்டுலதான் கை வைப்பீங்க.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், ஆறு மாசம் வரை ஜெயிலும் உண்டு. ஷேக்கிள் லிஃப்டும் இதுல சிக்கும்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். விபத்துனா இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைக் கேக்கலாம். 15 வருஷம் முடிஞ்சு RC புதுப்பிக்க RTO-வுல வண்டியைக் காட்டணும் வேற. என் வண்டிக்கு அது 2024-ல வந்தது. லிஃப்டோட போயிருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ.

நிஜமாவே காட்டுப் பாதையில ஓட்டறவங்க இருக்கீங்க, தெரியும். நீங்க லிஃப்ட் பண்றப்ப கேஸ்டருக்கு ஆப்பு, டிராக் லிங்க் கோணம், பிரேக் ஹோஸ் நீளம்னு எல்லாத்துக்கும் சேர்த்துதான் பட்ஜெட் போடுவீங்க. ஷேக்கிளுக்கு மட்டும் பட்ஜெட் போட்டவங்களைப் பத்திதான் நான் பேசறேன்.

RC புதுப்பிச்ச மறுநாள் அப்பாவைக் கூட்டிட்டு கோத்தகிரி போனேன். அதே ரோடு, அதே ஒட்டு. வேகம் 60. ஏறி இறங்கினது, ஸ்டீரிங் சும்மா இருந்தது. அப்பா கைப்பிடியைப் பிடிச்சுட்டேதான் வந்தார்.