நம்ம ஆத்துத் தண்ணிதானுங்க!

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைச் சத்தம் அடங்கியிருக்கும். அன்றைக்கு ஒரு நாளாவது ஏழு மணி வரை தூங்குவது என் பிறப்புரிமை. அதில் கை வைத்தவர் எங்கள் தெரு டூர் அண்ணன். வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஏழாம் நாள் வேன் பிடித்து, ஆள் சேர்த்து, கோயில், அணை, அருவி என்று ஓட்டிப் போகும் கைடு.

"தலைக்கு 650 ரூவா. காலையில டிபன், மத்தியானம் தயிர்சாதம், நடுவுல கோவைக் குற்றாலம். வாங்கோ, உங்களுக்கு எழுதறதுக்கும் மேட்டர் கெடைக்கும்" என்றார்.

மேட்டர் என்றதும் விழுந்துவிட்டேன். (பத்திரிகைக்கு எழுதுகிறவனின் பலவீனம் தெருவுக்கே தெரியும்!) பி.காம். மூளை உடனே கணக்குப் போட்டது. நான், சகதர்மிணி, எட்டு வயதுப் பையன். ஆக 1,950 ரூபாய். ஒரு கட்டுரைக்கு வரும் சன்மானத்தை இதில் கழித்தால்... வேண்டாம், அந்தக் கணக்கு வீட்டுக்குத் தெரியக்கூடாது.

விடியற்காலை வேன் கிளம்பும்போதே தூறல். கோவை தாண்டிப் பேரூர் வந்ததும் சரியான மழை. வேனில் ஒரே ஒரு ஜன்னல்தான் மூடவில்லை. அந்த சீட்டில் யார் இருந்திருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மாதம்பட்டி, ஆலாந்துறை என்று போகப் போக, மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. டூர் அண்ணன் மட்டும் உற்சாகம் குறையாமல் அறிவித்துக்கொண்டே வந்தார்.

"நாம குளிக்கப் போறது சிறுவாணித் தண்ணி! ருசியில உலகத்துலயே ரெண்டாவது!"

"முதலாவது எதுங்க?" என்று கேட்டேன்.

"அங்கெல்லாம் நாம டூர் போடறதில்லீங்க."

சாடிவயல் செக்போஸ்ட்டில் வனத்துறை ஆட்கள் பைகளைச் சோதித்தார்கள். சகதர்மிணியின் பையிலிருந்து சீயக்காய்ப் பாக்கெட், ஷாம்பு, சோப்பு என்று ஒரு மளிகைக் கடையே வெளியே வந்தது. "அருவிக்குத் தலை குளிக்க வந்தா, எதைத்தான் போட்டுக் குளிக்கிறதாம்?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டவன் மாதிரி. அங்கிருந்து வனத்துறை வண்டி, அப்புறம் கொஞ்ச தூரம் நடை. யானை நடமாடும் காடு என்பதால் கூட்டமாகத்தான் போக வேண்டும். முன்னால் ஒரு வாட்சர். ஒல்லியான மனுஷன், காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் விசில். நாங்கள் வழுக்கி வழுக்கி நடந்த பாதையில் அவர் மட்டும் வீட்டுத் திண்ணையில் நடப்பது போல நடந்தார்.

அருவி... அதை என்னவென்று சொல்ல? முதுகில் நாலு பேர் சேர்ந்து தப்படிப்பது மாதிரி விழுந்தது. ஒரு வருஷத்து ஜி.எஸ்.டி. டென்ஷன் எல்லாம் கழன்று ஓடிற்று. பையன் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு கத்திய கத்தலில் காட்டு யானை ஓடியிருக்கும்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. விசில்!

"மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!"

தலைக்கு மேல் மழை அப்போது விட்டிருந்தது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம். 650 ரூபாய்க்குப் பத்து நிமிஷம்னா, நிமிஷத்துக்கு 65 ரூபாய் ஆகுதுங்க" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். டூர் அண்ணனும் எனக்கு ஆதரவாக வாயைத் திறந்தார்.

வாட்சர் என்னோடு வாதாடவே இல்லை. இறங்கி வந்தார், என் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், ஏறிப் போனார். பிள்ளை போன பின்னால் அப்பன் என்ன செய்வான்? பின்னாலேயே ஓடினேன்.

மேலே நின்று திரும்பிப் பார்த்தேன். முதலில் தண்ணீர் கலங்கிற்று. அப்புறம் சருகும் குச்சியும் மிதந்து வந்தன. அப்புறம் சத்தம் மாறிற்று. கொஞ்ச நேரத்தில் பையன் நின்ற பாறை அங்கே இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சகதர்மிணி பையனை இறுக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

"இங்க வெயிலடிக்கும், மேல மலையில ஊத்தும். தண்ணி கலங்குனா ஏறிடோணுங்க" என்றார் வாட்சர், சாதாரணமாக. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துப் போனதே, அதை அன்று டி.வி.யில் பார்த்து "சொன்னா எவன் கேக்கறான்!" என்று சலித்துக்கொண்ட ஆசாமி நான்தான்.

மேலே நின்று நடுங்கிக்கொண்டே, பேச்சை மாற்ற வேண்டி, "சிறுவாணிக்கு இவ்வளவு வேகமா?" என்றேன்.

"இது சிறுவாணி இல்லீங்க. அந்த அணைத் தண்ணி வேற. இது கீழ போய் நொய்யல்ல சேரும். நீங்க எந்த ஊரு?"

"திருப்பூர்."

"அப்ப உங்க ஊருக்குத்தானுங்க வருது."

டூர் அண்ணன் சட்டென்று செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

நொய்யல்! சின்ன வயதில், ஆற்றில் ஓடுகிற கலரைப் பார்த்தே வெளிநாட்டில் இந்த சீசனுக்கு என்ன கலர் பனியன் என்று சொல்லிவிடலாம் என்று ஜோக்கடித்த ஆறு. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, கீழே இருக்கும் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போன ஆறு. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. அப்போது நாங்கள் கோபப்பட்டது ஆற்றின் மேல்தான்! கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆகி, பட்டறைகள் திறந்தன. சாயம் குறைந்தது. சாக்கடை குறையவில்லை. பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிற அதே தண்ணீரில் குளிக்கத்தான் 1,950 ரூபாய் கட்டி வந்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது வேனில் வழக்கமான அந்தாக்ஷரி கிடையாது. தயிர்சாதம் மட்டும் மிச்சமில்லாமல் தீர்ந்தது.

அந்தத் தண்ணீர் சித்திரைச்சாவடி தாண்டி, கோவைக் குளங்களுக்குப் பங்கு கொடுத்து, சூலூர் தாண்டி எங்கள் ஊருக்கு வர வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் பையன் விடாப்பிடியாக என்னை வளர்மதி பாலத்துக்கு இழுத்துப் போனான். ஆறு நிறையத் தண்ணீர். அங்கங்கே நுரை, பிளாஸ்டிக் கவர், ஒரு தெர்மோகோல் பெட்டி.

"அப்பா, இது நம்மளை வெரட்டின தண்ணியா?"

"அதேதான் கண்ணு."

பக்கத்தில் ஒருவர் மொபெட்டை நிறுத்தி, ஒரு குப்பை மூட்டையைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தூக்கினார். பையன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான் பாருங்கள்! வாட்சர் தோற்றார்.

ஆசாமி திடுக்கிட்டுத் திரும்பினார். எங்களைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மூட்டையைத் திரும்ப வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த பாலத்தில் போட்டாரோ என்னவோ!