குட்டி நாய்க்குக் கருத்தடை ஆபரேஷனா? முதல்ல ரத்தத்தைப் பாருங்க!

“காலைல எட்டு மணிக்குக் கொண்டு வந்துடுங்க. நைட்டு பத்துக்கு மேல எதுவும் கொடுக்காதீங்க.”

பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பலருக்கும் கிளினிக்கில் கிடைக்கும் அறிவுரை இவ்வளவுதான். 30 கிலோ லாப்ரடாருக்கும் இதே வரி, 3 கிலோ ஷிட்ஸுவுக்கும் இதே வரி. ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா என்று கேட்டால், “சின்ன வயசு நாய்தானே, வேணும்னா எடுக்கலாம்” என்பார்கள். அந்த ‘வேணும்னா’தான் இங்கே பிரச்சினை.

எங்கள் வீட்டு பொம்மரேனியனுக்கு அப்போது 4 கிலோ எடை, ஒன்றரை வயது. பந்தைத் தூக்கிப் போட்டால் மாடிப்படி ஏறி எடுத்துவரும். சாப்பாட்டிலும் குறையில்லை. அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பு, ஏதோ ஒரு பயத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னோம். பிளேட்லெட் எண்ணிக்கை பாதிக்கும் கீழே. உண்ணிக் காய்ச்சல்! டாக்டர் தேதியைத் தள்ளிவைத்தார், நான்கு வாரம் மாத்திரை, மறுபடி பரிசோதனை, அப்புறம்தான் ஆபரேஷன். அன்று பரிசோதனை எடுக்காமல் மேஜையில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டு நாய்க்குத் தேவையில்லை, நம்ம ஊர் நாய்க்கு?

ஆரோக்கியமாகத் தெரியும் இளம் நாய்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்வதால் மயக்க மருந்துத் திட்டம் மாறுவது அரிது என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்வது உண்மை. டாக்டர் கையால் தொட்டு, ஸ்டெதாஸ்கோப் வைத்து, ஈறின் நிறம் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் குளிர்ப் பிரதேசத்து நாய்களை வைத்துச் செய்தவை. நம்ம ஊரில் பழுப்பு நாய் உண்ணிக்கு வருடம் முழுக்க சீசன்தான். சுவர் இடுக்கு, கார் பார்க்கிங், லிஃப்ட் ஓரம் என்று அது இல்லாத அபார்ட்மென்ட் குறைவு. அது பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, நாயின் உடம்பில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். நாய் ஓடும், ஆடும், சாப்பிடும். உள்ளே பிளேட்லெட் மட்டும் குறைந்துகொண்டே போகும். இன்னொரு உண்ணி நோயான பேபீசியா, சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும்.

இதில் குட்டி நாய்க்கு என்ன தனி ஆபத்து? கணக்குப் போட்டால் புரியும். நாயின் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு சுமார் 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். 3 கிலோ நாய்க்கு மொத்தமே ஒரு டம்ளர் அளவுதான். கருத்தடை என்பது சும்மா தோலைக் கீறித் தைக்கிற வேலை இல்லை. வயிற்றைத் திறந்து, சினைப்பையையும் கருப்பையையும் எடுத்து, அவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கட்ட வேண்டும். பெரிய நாய்க்குத் தாங்கக்கூடிய 50 மில்லி ரத்தக் கசிவு, இந்தச் சின்ன உடம்புக்குப் பெரிய இழப்பு.

பிரிட்டனில் 98,036 நாய்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்து தொடர்பான மரணம் சுமார் 0.05 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2,000-க்கு ஒன்று. ஏற்கெனவே நோயுள்ள நாய்களில் அது 1.33 சதவீதம், 75-க்கு ஒன்று. 5 கிலோவுக்குக் குறைவான நாய்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் அந்த ஆய்வு கண்டது. உங்கள் நாய் இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

“தெருநாய்களுக்கு டெஸ்ட் எடுத்தா பண்றாங்க?” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் நாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் திட்டத்தின் கணக்கு வேறு. அங்கே ஆயிரக்கணக்கில் செய்தாக வேண்டும், வைத்துக் காத்திருக்க இடமும் நேரமும் இல்லை. உங்களுக்கோ ஒரே நாய், ஒரு வாரம் தள்ளிப் போட்டால் குடி முழுகிப் போகாது.

என்னென்ன டெஸ்ட்?

முழு ரத்த அணு எண்ணிக்கை, பிளேட்லெட், கல்லீரலுக்கு ஏ.எல்.டி., சிறுநீரகத்துக்கு யூரியா, கிரியேட்டினின், கூடவே புரதம், சர்க்கரை. இவ்வளவு போதும், பெரிய பேக்கேஜ் தேவையில்லை. பிளேட்லெட் குறைவு என்று வந்தால் உடனே பதற வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைவாக எண்ணிவிடும். “டாக்டர், ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷிட்ஸு, பக் போன்ற சிறு இனங்களில் சிலவற்றுக்குக் கல்லீரலைச் சுற்றி ரத்தம் தடம் மாறிப் போகும் பிறவிக் குறை உண்டு. மயக்க மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு என்பதால், குட்டி வளராமல் சோர்ந்தே இருந்தால் பித்த அமிலப் பரிசோதனை தேவையா என்றும் பேசிவிடுங்கள்.

எப்போது செய்வது? வளர்ந்தபின் 20 கிலோவுக்குள் இருக்கக்கூடிய பெண் நாய்களுக்கு, முதல் ஹீட் வருவதற்கு முன், 5 முதல் 6 மாதத்தில் செய்யலாம் என்கிறது அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம். ஹீட்டில் இருக்கும்போது ரத்தக் குழாய்கள் பருத்திருக்கும், கசிவும் கூடும். எனவே ஹீட் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் பல டாக்டர்கள் தேதி தருவார்கள். அதற்காகப் பயந்து பயந்து வருடக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது. கருப்பையில் சீழ் பிடிக்கும் பயோமெட்ரா, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் 10 வயதுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்றுக்கு வருவதாக சுவீடனின் காப்பீட்டுத் தரவுகள் காட்டுகின்றன. அப்போது செய்யும் அவசர ஆபரேஷன், அந்த 75-க்கு ஒன்று பக்கத்து ஆபரேஷன்.

பட்டினி விஷயத்தில் கவனம்

மனுஷங்க ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்கிற வழக்கத்தை அப்படியே குட்டி நாய் மேல் சுமத்துவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். ராத்திரி பத்து மணியோடு சாப்பாடு நிறுத்தி, எட்டு மணிக்குப் போய், டோக்கன் வரிசையில் மதியம் ரெண்டு மணிக்கு மேஜை ஏறினால் 16 மணி நேரப் பட்டினி. சின்ன உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. நடுக்கம், தள்ளாட்டம், சோர்வு எல்லாம் வரும், மயக்கத்தில் இருக்கும்போது வந்தால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். மேலே சொன்ன சங்கத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல், ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு 4 முதல் 6 மணி நேரம் உணவை நிறுத்தினால் போதும் என்கிறது. 2 கிலோவுக்குக் குறைவான, அல்லது 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரமே அதிகம். தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், உங்கள் டாக்டரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள். “காலைல முதல் கேஸா எடுத்துக்க முடியுமா?” என்ற ஒரு கேள்வியில் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னும் சில கேள்விகள் உண்டு. மயக்கம் முழுக்க ஊசியிலா, கேஸிலா? மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவார்களா? (பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்கணும்.) ஆபரேஷன் முடியும்வரை டிரிப்ஸ் ஓடுமா, உடம்பு சில்லிடாமல் வெதுவெதுப்பாக வைக்க என்ன ஏற்பாடு? ஏசி அறையில் வயிறு ஷேவ் செய்து, திறந்து கிடக்கும் 3 கிலோ உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்குபவர்கள் அதிகம். நல்ல டாக்டர் பதில் சொல்வார். பட்ஜெட் இடித்தால், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்க.

விழாமல் தங்கிவிட்ட பால் பற்கள் சிறு நாய்களுக்கு சகஜம். வாயைத் திறந்து பார்த்து, இருந்தால் அதே மயக்கத்திலேயே பிடுங்கச் சொல்லலாம். ஏதாவது மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால், உண்ணி மருந்து உட்பட, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்தின நாள் குளிப்பாட்டி நன்றாக உலர்த்திவிடுங்கள், தையல் ஆறும்வரை அடுத்த 10 முதல் 14 நாள் தண்ணீர் படக் கூடாது. கழுத்தில் மாட்டும் கூம்பை இப்போதே வாங்கிப் பழக்கினால், வலியோடு வரும் அன்றைக்குப் புதுசாக மிரளாது. வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ இப்யூபுரூஃபனையோ மட்டும் தொடவே கூடாது.

இன்னொன்று, அதே பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி, முதல் மூன்று மணி நேரத்துக்குள் இறந்தவை. ஆகவே கண் திறந்ததும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கிளம்பாதீர்கள். நாய் தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கிளினிக்கிலேயே இருங்கள். அன்று மதியம் ஆபீஸ் மீட்டிங் எதுவும் போட்டுக்கொள்ள வேண்டாம்.