இரும்பைத் தொடும் கைகளை இழிவாக எண்ணாதீர்கள்





ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் மத்ரஸாவில் ஓதிய மாணவன் ஒருவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். “ஹஸ்ரத், நீங்கள் சொன்னால் கேட்பான். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கவா இவனைப் படிக்க வைத்தேன்?” என்று அவர் கண் கலங்கினார்.

நான் அந்தப் பையனை அழைத்தேன். குடும்ப மானம், தந்தையின் மனம் என்றெல்லாம் பேசினேன். உஸ்தாதின் சொல்லைத் தட்டாதவன், தலையசைத்தான். மேல்நிலைப் பள்ளிக்கும் பின்னர் பொறியியல் கல்லூரிக்கும் சென்றான். கட்டணத்திற்கு வட்டிக் கடன் வாங்கினார்கள். மூன்றாம் ஆண்டில் படிப்பு நின்றது, கடன் நிற்கவில்லை. இன்று அவன் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். தந்தை இன்னமும் வட்டி கட்டுகிறார். வட்டியின் தீமையைப் பற்றி ஜும்ஆ மேடையில் பேசுகிற நானே, ஒரு குடும்பம் அதில் இறங்கக் காரணமாகிவிட்டேன். ஆகவே இக்கட்டுரையில் நான் சாட்டப்போகும் குற்றத்திற்கு முதல் குற்றவாளி நானே.

நம் சமுதாயத்தைப் பிடித்திருப்பது இரட்டை நோய். நன்கு படிக்கும் பிள்ளை கனரக வாகன மெக்கானிக் ஆக விரும்பினால், மானம் போய்விடும் என்று தடுக்கிறோம். படிப்பு ஏறாத பிள்ளையையோ, முறையான பயிற்சி எதுவுமின்றிப் பட்டறையில் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். முதலாவது, தொழிலை இழிவுபடுத்துவது. இரண்டாவது, பிள்ளையை இழிவுபடுத்துவது.

மார்க்கத்தின் பார்வை வேறு. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கவசம் செய்யும் கலையை அவனே கற்றுக்கொடுத்ததாகக் குர்ஆன் கூறுகிறது. அதன் வளையங்களைச் சரியான அளவில் அமைக்கும்படியும் அவருக்கு ஆணையிட்டான். ஒரு நபிக்கு அருளப்பட்ட கட்டளைகளுள் அளவு பிசகாமல் வேலை செய்வதும் ஒன்று என்பதை நாம் எத்தனை முறை சிந்தித்திருக்கிறோம்? தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு எவருக்கும் இல்லை என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதும் தாவூத் (அலை) அவர்களையே. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோது சமுதாயத் தலைவர்கள் கடந்து செல்லும்போதெல்லாம் கேலி செய்தார்கள். உழைக்கும் கையைப் பார்த்து நகைக்கும் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தோடு விவசாயம், நெசவு, தையல் போன்ற தொழில்களையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் ஒருவருமே கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்திற்கு உள்ளாகும் கடமை அது. அரிசியும் சிமெண்டும் மருந்தும் லாரியில்தான் நம் ஊருக்கு வருகின்றன. பள்ளிவாசல் கட்டக் கடைக்கால் தோண்டுவதும் பொக்லைன் இயந்திரம்தான். அவற்றை ஓடவைக்கும் கல்வி இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்குமா?

1206-ஆம் ஆண்டில் இயந்திரக் கலை நூலை எழுதி முடித்த அல்ஜஸரியின் படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து பெருமை கொள்கிறோம். அதே மாலையில் மாப்பிள்ளை மெக்கானிக் என்று கேட்டவுடன் சம்பந்தப் பேச்சை முறித்துக்கொள்கிறோம். அல்ஜஸரி இன்று பெண் கேட்டு வந்தால் நம் வீட்டுத் திண்ணையிலேயே திருப்பி அனுப்பப்படுவார்!

“இதற்கு என்ன பெரிய கல்வி? பட்டறையில் கிடந்தால் வந்துவிடும்” என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாட்டில் விற்கப்படும் புதிய லாரிகள் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. அவற்றில் எரிபொருள் 1,000 பாருக்கும் மிகுந்த அழுத்தத்தில் என்ஜினுக்குள் தெளிக்கப்படுகிறது. புகையைத் தூய்மைப்படுத்த 32.5 விழுக்காடு யூரியா கலந்த திரவம் தனித் தொட்டியில் நிற்கிறது. கோளாறு எங்கே என்பதை ஸ்கேனர் கருவி குறியீட்டில் காட்டும். அதைப் படித்து, மின்சுற்றைச் சோதித்து, காரணத்தைக் கண்டறிய வேண்டும். காதால் கேட்டே கோளாறைச் சொன்ன மூத்த மிஸ்திரிகளின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதனுடன் இந்தப் படிப்பும் சேர வேண்டும்.

மேலும், இங்கே அறியாமை உயிரைக் கொல்லும். லாரியின் பின்சக்கர பிரேக் சேம்பருக்குள் வலிமையான ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்டு நிற்கிறது. அதை உரிய போல்ட்டால் கட்டுப்படுத்தாமல் திறந்தவன் முகம் சிதைந்துபோகும். டிப்பரின் பெட்டியைத் தூக்கி, முட்டு கொடுக்காமல் அடியில் நுழைந்தவன்மேல் அது இறங்கினால் அவன் மீளமாட்டான். பிரேக்கைத் தவறாகப் பூட்டினால், மலைப்பாதையில் அந்த லாரிக்கு எதிரே வரும் பேருந்தில் இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள்?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து. அறியாத வேலையில் கைவைத்து உயிருக்கு ஊறு செய்யும் எவருக்கும் அது எச்சரிக்கையாகும். ஆகவே இத்தொழிலை முறையாகக் கற்பதும் மார்க்கப் பொறுப்பே என்பது என் துணிபு.

வழி தொலைவில் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவர் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவை ஓராண்டில் முடிக்கலாம். மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுக்கு இரண்டாண்டுகள். பின்னர் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே நிறுவனங்களில் பழகலாம். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிகளால் வாழ்கின்றன. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் பெயர் பெற்றது. வளைகுடாவில்தான் வேலை வேண்டும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஹெல்பராகப் போய் ஹெல்பராகவே திரும்பி வந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! கையில் சான்றிதழோடு அனுப்புங்கள்.

பட்டறை நடத்தும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 14 வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதற்கும் தடை உண்டு. “தொழில் கற்றுக்கொடுக்கிறேன்” என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் தேநீர் வாங்கவும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் மட்டும் ஒருவனை வைத்திருப்பது கற்பித்தல் அன்று. கூலிக்காரரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். போலி உதிரிப் பாகத்தைப் பூட்டி, அசலுக்கான விலையை வாங்கினால் அது மோசடி. மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்பதும் அதே நபியின் எச்சரிக்கை.

“கிரீஸ் படிந்த கையோடு தொழுகை எப்படி?” என்று கேட்பவர்கள் உண்டு. கிரீஸ் கட்டியாகப் படிந்து, நீர் தோலைச் சேராமல் தடுத்தால் அதை அகற்ற வேண்டும். அகற்றிய பின்னரும் தோலில் தங்கிவிடும் கறையின் நிறம் ஒளூவைத் தடுக்காது. சோப்பும் ஐந்து நிமிடமும் போதும். வட்டிக் கடனின் கறையை எந்தச் சோப்பால் கழுவுவது?

ஜமாஅத் நிர்வாகிகளே! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் பள்ளிவாசலில் ஒரு மேசை போட்டு, ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு, அவருடைய தொழிற்கருவிகள் வாங்கும் அளவுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியுள்ளனர். பயிற்சி முடித்த ஏழை இளைஞனுக்கு ஒரு ஸ்பேனர் செட் வாங்கிக் கொடுங்கள். ஆண்டுதோறும் அவனுக்கு அரிசி மூட்டை கொடுக்கும் நிலை வராது.

பெண்ணைப் பெற்றவர்களே! மாப்பிள்ளையின் நகக்கண்ணைப் பார்க்காதீர்கள். அவர் தொழுகையையும் வருவாயின் தூய்மையையும் பாருங்கள்.

சென்ற ரமளானில் அந்த மாணவனைத் தராவீஹ் தொழுகைக்குப் பின் சந்தித்தேன். அன்று நான் சொன்னது தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “பரவாயில்லை உஸ்தாத், என் தம்பி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அவனுக்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் மேலே எழுதியிருக்கிறேன்.

நம் பிள்ளைகளின் கைகளில் ஹலாலான ரிஸ்கையும், நம் உள்ளங்களில் உழைப்பின் மீது கண்ணியத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.