பந்தியில் கேட்ட கேள்வி

இளங்கலை படித்தபோது முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போவேன். முதல் நாள் சூப்பர்வைசர் கேட்டது ஊரை. அடுத்து, ஊரில் எந்தத் தெரு என்பதை. உடன் வந்த நண்பன் சாம்பார் வாளியோடு பந்திக்குப் போனான். என்னை எச்சில் இலை எடுக்க அனுப்பினார்கள். கூலியிலும் 100 ரூபாய் குறைவு.

ஏன் போனேன்? பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பருவம் முடிந்த பிறகே வந்தது. விடுதிக் கட்டணம் காத்திருக்கவில்லை. இரவு வரவேற்பு, விடியற்காலை முகூர்த்தம் என்று நின்றதில் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. சம்பாதித்த காசில் அபராதம் கட்டித்தான் தேர்வெழுதினேன்.

‘உழைத்துப் படித்தவர்’ என்று இன்று பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் பெருமையில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தவர்களுக்கு, அந்த வீட்டில் முன்பணம் கட்டக் காசிருக்காது என்பது தெரியாதா? இந்தச் செலவை ஒன்றியமும் மாநிலமும் 60:40 எனப் பகிர்கின்றன; தாமதத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்பதில்லை.

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பணம் வர வேண்டும். பந்தியில் தெரு கேட்டு வேலை பிரிப்பவர்களிடம் எந்த மாணவரும் இனி தனியாக நிற்கக் கூடாது. தோழர்களே, கேள்வி கேட்கப்படும்போது பக்கத்தில் நிற்கும் நண்பனும் வாளியைக் கீழே வைக்க வேண்டும்.